மாமனுக்கு அனுப்பிய படங்கள்

இந்து திருமணச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, மணமக்கள் தடை செய்யப்பட்ட உறவுமுறைக்குள் இருக்கக் கூடாது என்கிறது. அந்த உறவுகள் எவை என்பதை மூன்றாவது பிரிவு சொல்கிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் அதில் இருக்கிறார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் என் பணிக்காலத்தில் பாதி மிச்சமாகியிருக்கும். ஆனால் சட்டம் எழுதியவர்கள் பேனாவை மூடும் முன் ஓர் அரை வரி சேர்த்துவிட்டார்கள்: அவரவர் வழக்காறு இடம் கொடுத்தாலொழிய. கம்பம் பள்ளத்தாக்கு அந்த அரை வரியில்தான் குடியிருக்கிறது.

நான் வட்டார சுகாதாரக் கல்வியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்வியாளர் என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஊசி எழுதுவார், நர்ஸ் போடுவார், நாங்கள் பேசுவோம். கை கழுவுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், கொடுத்த சத்து மாத்திரையைக் கோழிக்குப் போடாதீர்கள். ஊரில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத டீச்சர்.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புதல் பெற்ற வீடியோவைப் போட்டுக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. போன மாதம் கடமலைக்குண்டுப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, தாய்மாமன் கேஸ் ஒண்ணு. வீடியோ போட்டுக் காட்டுனேன். குடும்பமே உக்காந்து முழுசும் பாத்தாக. முடிஞ்சதும் நல்லாருக்குன்னு சொல்லி, கையில கல்யாணப் பத்திரிகையக் குடுத்துட்டாக. என்னக்கா செய்ய?”

அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் நம் துறை ஊழியர் சங்க மலருக்காக இங்கே எழுதுகிறேன். இதில் வரும் குடும்பத்தாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். அனுமதி வாங்கிச் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் குறைவு என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் வரலாறு முதுகலை படித்தேன். வரலாற்றுக்கு வேலை இல்லாததால் சுகாதாரத்துக்கு வந்தேன். பயிற்சி நிலையத்தில் கற்றதில் உருப்படியானவை இரண்டு. ஒன்று, குடும்ப மரம் வரைவது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நோயுள்ளவருக்கு உள்ளே கறுப்பு. இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கீறல். மற்றது, முடிவைச் சொல்லாமல் இருப்பது. ‘கட்டாதீர்கள்’ என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. நிலைமையை விளக்கலாம், கேள்வி கேட்கலாம், முடிவு அவர்களுடையது. ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லவே கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவர் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் ஒருவேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயின் அரச குடும்பம் இந்த வேலைக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒரு பெரிய படப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருந்தார். அரசவை ஓவியர் ஒருவர் தம் கடைசிக் காலத்தில் வரைந்த படங்கள் அவை. ஓவியர் என்றாலும் அவர் ஓர் அரசு ஊழியர். அரண்மனையில் யார் எந்த அறையில் தங்குவது, சாவி யாரிடம் இருப்பது, அரசர் பயணம் போனால் வழியில் எங்கே படுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. படம் வரைவது கூடுதல் பொறுப்பு. கடைசியில் ஓர் அரச கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிய அலுப்பில்தான் படுத்தார், எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட இறப்புகளை நம் துறையிலும் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓவியர் வரைந்த அரசர் தம் சொந்தத் தங்கை மகளைக் கட்டியவர். அந்த அரசிக்குப் பிறந்த பெண்ணை அரசியின் தம்பிக்கே பேசி வைத்தார்கள். அவர் வேறொரு நாட்டில் இருந்தார். பெண் எப்படி வளர்கிறாள் என்று மாமனுக்குத் தெரிய வேண்டுமே. அதனால் மூன்று வயதில் ஒரு படம், ஐந்து வயதில் ஒரு படம், எட்டு வயதில் நீலப் பட்டில் ஒரு படம் என்று வரைந்து அனுப்பினார்கள். பாவாடை இரண்டு பக்கமும் கட்டில் அகலத்துக்கு விரிந்து நிற்கும். முகம் மட்டும் குழந்தை முகம். அவளுக்கு ஒரு தம்பி. வெள்ளை மேலாடை, ஒரு கை நாற்காலி மேல், நாற்காலியில் ஒரு குட்டி நாய். அவன் இடுப்பைச் சுற்றி மணிகளும் தாயத்துகளும் தொங்கும். நான்கு வயது நிறையும் முன் அவன் போய்விட்டான். ஓவியர் அவனை வரைந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படும். பெண் மாமனையே கட்டினாள், குழந்தைகளை ஒன்றன் பின் ஒன்றாகப் புதைத்தாள், இருபத்தொரு வயதில் இறந்தாள். கணவனைக் கடைசி வரை மாமா என்றே கூப்பிட்டாளாம். ஸ்பெயினில் அந்த வம்சம் அவளுடைய இன்னொரு தம்பியோடு முடிந்தது.

துறை கொடுத்த அட்டையில் கோட்டுப்படமாக ஓர் அம்மா, ஓர் அப்பா, நடுவில் ஒரு கேள்விக்குறி. அதைப் பார்த்து யாரும் கலங்கியதாக நினைவில்லை. ஆகவே இந்தப் படங்களை எடுத்துக்கொண்டு தேனியில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் இளவரசியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பாப்பா பேரு என்ன மேடம்?”

“பேரு வேண்டாம்.”

“சடங்கு என்னைக்கி?”

“சடங்கு இல்லப்பா. இது விழிப்புணர்வு.”

“தாய்மாமன் பேராச்சும் போட்ருவோம் மேடம். பிறகு அவரு வந்து என்கூடச் சண்டை போடுவாரு.”

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இளவரசிக்கு இரண்டு பக்கமும் மயில் நின்றது. கீழே ரோஜா மாலைக்கு நடுவில் ‘வருக வருக’ என்று இருந்தது.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். வட்டார மருத்துவ அலுவலர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். கோப்பைப் படிக்கும்போது பேனாவை மூடியோடு கையில் வைத்திருப்பார். மூடியைக் கழற்றினால் கையெழுத்து. கழற்றாமல் மேசையில் படுக்க வைத்தால் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது, பேனாவைத்தான் பார்ப்போம். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்.

“மேடம், இதுக்கு ரூல் என்ன?”

“இயக்குநரகம் ஒப்புதல் தராத படத்தைக் கூட்டத்துல காட்டக் கூடாது சார்.”

“அப்ப காட்டலாமா?”

“கூடாது சார்.”

“யாரு இது?”

“ஸ்பெயின் நாட்டு இளவரசி.”

“உயிரோட இருக்காங்களா?”

“செத்து முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு சார்.”

“அங்க வாரிசு?”

“அந்த வம்சமே அத்துப்போச்சு சார். அதுதான் விசயமே.”

பேனாவை மேசையில் வைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. “அப்ப ஆட்சேபணை வராது. சென்னைக்கு எழுதிப் போடுங்க. ஃபிளெக்ஸ் கட்டுனா பொது இடம். கையில வச்சிருக்கிற படம் உங்க சொந்த உடைமை. உங்க சொந்த உடைமையை நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு நான் எப்படி ரூல் கேக்க முடியும்?”

சென்னைக்கு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன், அதற்கும் ஒரு நினைவூட்டல் எழுதினேன். நான் ஓய்வு பெறும் வரை பதில் இல்லை. அந்த விவகாரம் அத்தோடு முடிந்தது. மயில் நின்ற ஃபிளெக்ஸ் என் வீட்டில் விறகை மூடப் போனது. படங்களைச் சின்னதாக அச்சடித்து, லேமினேட் செய்து, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் கூட்டம் சுருளிப்பட்டியில், திராட்சை பெட்டி போடும் கொட்டகையில். வேலை முடிந்த பெண்கள் கவிழ்த்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். படங்கள் கைமாறிப் போயின.

“சின்னப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பாவாடை?”

“அது அந்த ஊரு வழக்கம்.”

“துவைக்கிறது யாரு?”

தம்பியின் படம் வந்ததும் பேச்சு தணிந்தது. “இடுப்புல மணி கட்டிவிட்ருக்காக பாரு. தாயத்தும் இருக்கு. வெள்ளக்காரனுக்கும் கண்ணேறு உண்டாக்கும்.”

நான் கரும்பலகையில் அவர்கள் குடும்ப மரத்தை வரைந்தேன். இரட்டைக் கோட்டுக்கு மேல் இரட்டைக் கோடு. கறுப்பு அடித்த கட்டங்கள். சாய்வுக் கீறல்கள். கை வலிக்க வரைந்துவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். முன்வரிசையில் ஈஸ்வரி என்ற பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும், திராட்சைக் குலையில் சொத்தைப் பழத்தைக் கத்தரிப்பதில் கெட்டிக்காரி.

“ஆக, ராசா வீட்லயும் மாமனுக்குத்தான் குடுத்திருக்காக.”

கொட்டகை கலகலவென்று ஆகிவிட்டது. “அப்படிப் போடு. நம்ம வழக்கம் சீமை வரைக்கும் போயிருக்குடி.” “அந்த மாமன் என்ன சீரு கொண்டாந்தாராம் டீச்சர்?” எச்சரிக்கையாகக் கொண்டுபோன படம் ஒரு மணி நேரத்தில் நற்சான்று ஆகிவிட்டது. வாசலில் நின்ற ஈஸ்வரியின் புருஷன் ராசு சிரிக்காமல் சொன்னார்:

“உங்க ஆளுகளுக்கு மாமன் ஆகாதுல்ல. அதான் எங்களுக்கும் வேணாங்கிறீக.”

நான் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண். எங்கள் மார்க்கத்தில் தாய்மாமனைக் கட்ட முடியாது என்பது உண்மைதான். “அண்ணே, நான் கட்டியிருக்கிறது என் மாமி மகனை. எங்க அத்தா, அதான் அப்பா, கூடப்பிறந்தவுக மகன். உங்க வீட்ல மாமன், எங்க வீட்ல மாமி மகன். டாக்டருக்கு ரெண்டும் ரெட்டைக் கோடுதான்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. என் வீட்டு மரத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அன்றிலிருந்து எந்த ஊரில் பேசினாலும் முதலில் என் மரத்தைத்தான் வரைவேன்.

இன்னொன்றும் அன்று கற்றேன். கூட்டத்தில் படம் காட்டக் கூடாது. கூட்டத்துக்கு வழக்கம்தான் தெரியும். பயம் தனியாக இருக்கும்போதுதான் வரும்.

அடுத்த ஆண்டு தை மாதம் ராசுவும் ஈஸ்வரியும் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காது கேளாத ஒரு மகன் இருந்தான், ஒன்பது வயது. மதுரையில் அவனைப் பார்த்த டாக்டர்கள் குடும்ப விவரம் கேட்டுவிட்டு எங்களிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காரணம், அவனுடைய அக்கா காவ்யாவை ஈஸ்வரியின் தம்பி பாண்டிக்குப் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று இருந்தது. காவ்யா தேனியில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பாண்டி தேவாரத்துக்காரர், மலை மேல் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர்.

மரத்தை வரைந்தேன். ராசுவே ஈஸ்வரிக்குத் தாய்மாமன். முதல் குழந்தை தொட்டிலிலேயே போயிருந்தது. அடுத்தது காவ்யா, குறை ஒன்றும் இல்லை. மூன்றாவது இந்தப் பையன். இப்போது கீழே இன்னோர் இரட்டைக் கோடு போடப் போகிறார்கள். கரும்பலகையில் நான் வரைந்த ஸ்பெயின் மரத்தையும் அந்தத் தம்பியின் படத்தையும் ராசு மறந்திருக்கவில்லை. காகிதத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நாய்க்குட்டி மட்டுந்தான் இல்ல” என்றார்.

விதிப்படி ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். இதில் வரிசை முக்கியம். வீட்டு ஆம்பளையை முதலில் கேட்காவிட்டால் மற்றவர்களைக் கேட்கவே முடியாது. எதிரே உட்காரக் கூடாது, அருகில் உட்கார வேண்டும். கையில் காகிதம் கூடாது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. பயிரைப் பற்றிக் கேட்டால் கல்யாணம் தானே வரும்.

ராசுவைத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கேட்டேன். கொடி வெட்டும் கவாத்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். “எனக்கு இஷ்டமில்ல டீச்சர். ஒண்ணப் பொதைச்சவன். ஆனா பாண்டி இவளுக்காகத்தான இத்தன வருசம் நிக்கிறான். இல்லைன்னா ஈஸ்வரி என் மூஞ்சியில முழிப்பாளா?”

ஈஸ்வரியைக் கொட்டகையில் கேட்டேன். கத்தரிக்கோலை நிறுத்தாமல் பேசினாள். “பயமாத்தான் இருக்கு. இன்னொரு புள்ள கேக்காமப் பொறந்தா அவ தாங்குவாளா? ஆனா தம்பி ஆசப்படுறான். அவன் இருந்தாத்தான் எனக்குத் தாய்வீடு. அவன நான் எப்பிடி வேணாங்கிறது?”

காவ்யாவைத் தேனி பேருந்து நிலையத்தில், கல்லூரி விட்டு வரும்போது பிடித்தேன். “மாமா நல்லவருதான் டீச்சர். நல்லவரா இருக்காகன்னா கட்டிக்கிறணுமா? எனக்குப் படிப்ப முடிக்கணும். அம்மாகிட்ட சொன்னா அழும். அப்பாகிட்ட சொன்னா அம்மா சொல்றதுதான்னு சொல்லும்.”

பாண்டியைத் தேவாரத்தில் ஜீப் நிறுத்தத்தில் கேட்டேன். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார், வெளியே வராமலே பேசினார். “நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச புள்ள டீச்சர் அது. எப்பிடிக் கட்டுறது? ஆனா வேணாம்னு வாயத் தொறந்தேன்னு வைங்க, மாமனே வேணாம்னுட்டான், புள்ளைக்கு என்ன குறையோன்னு ஊரு பேசும். பிறகு எவன் வந்து கேப்பான்? அந்தப் பழிய நான் போடவா?” கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். “பெரிய டாக்டரு கட்டக் கூடாதுன்னு ஒரு கடுதாசி குடுத்தா நல்லாருக்கும். எங்க அக்கா வாய அடைச்சிருவேன்.”

நான்கு பேருக்கும் இஷ்டமில்லை. நான்கு பேரும் மற்ற மூவருக்காகச் சம்மதித்திருந்தார்கள். மனப்பூர்வமாகச் சம்மதித்திருந்தது கல்யாண மண்டபம் மட்டும்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே முடிந்துவிடும். விதி அதற்கு இடம் தரவில்லை. விதியை மீறலாமே என்று இளையவர்கள் கேட்பீர்கள். மீறியிருந்தால் பாண்டி பயந்தது நடந்திருக்கும். டீச்சர் மூலமாக மாமன் மறுத்துவிட்டான் என்று ஊர் பேசியிருக்கும். சில விதிகளை யாரோ அடிபட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பெரிய டாக்டரிடம் போனேன்.

“‘கட்டாதே’ன்னு எழுத எனக்கு அதிகாரம் இருக்கா?”

“இல்ல சார்.”

“‘கட்டு’ன்னு?”

“அதுவும் இல்ல சார்.”

“என்னதான் செய்யலாம்?”

“சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு நிலைமைய விளக்கலாம் சார்.”

பேனாவின் மூடி கழன்றது. கூட்டு ஆலோசனைக்கு அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருப்பி மாட்டிக்கொண்டே கேட்டார். “நம்ம ரூலை விடுங்க மேடம். அவங்க வழக்கத்துல ரூல் என்ன?”

எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்டு அந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அதற்கு நடைமுறை என்று ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் ஈஸ்வரி வீட்டுக்குப் போனேன். காவ்யா விடுமுறைக்கு வந்திருந்தாள், உள்ளே தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி என் பையைப் பார்த்தாள்.

“அந்தப் பாவாடக்காரப் புள்ள படம் வச்சிருக்கீகளா? இங்கன வைங்க.”

மூன்று படங்களையும் தரையில் வயது வரிசையில் வைத்தேன். மூன்று, ஐந்து, எட்டு. குனிந்து பார்த்தாள். முதல் படத்தில் கன்னம் உப்பியிருக்கும். மூன்றாவதில் தாடை நீள ஆரம்பித்திருக்கும், கண்ணில் ஒரு சோர்வு வந்திருக்கும். அந்த ஓவியர் எதையும் கூட்டவுமில்லை, மறைக்கவுமில்லை.

“இம்புட்டுப் படம் அனுப்பியிருக்காகளே. அந்த மாமங்காரன் என்ன பதில் சொன்னான்?”

“தெரியல ஈஸ்வரி.”

“படிச்சவுக நீங்க. தெரியாதா?”

“நான் படிச்ச புஸ்தகத்துல இல்ல.”

“அப்ப அவன யாரும் கேட்ருக்க மாட்டாக.”

முடிவைச் சொல்லத்தான் விதி தடுக்கிறது, கேள்வி கேட்கத் தடை இல்லை. “பாண்டியக் கேட்டீகளா?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “கேக்கணும். கேக்குறதுதான் முறை. தட்டுல வெத்தல பாக்கு வச்சு, எடுத்துக்கிறியா விட்டுத் தாறியான்னு மாமங்கிட்ட கேக்கணும். அவன் வாயால சொல்லணும். பிறகுதான் மத்ததெல்லாம்.”

“கேட்டீகளா?”

“எதுக்குக் கேக்கணும்னு இருந்துட்டோம். என்னையக் கட்டிக் குடுக்கயிலயும் யாரும் யாரையும் கேக்கல.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஈஸ்வரி சத்தமாகச் சொன்னாள்: “ஏ காவ்யா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்க. உன் படம் ஒண்ணு எடு. மாமனுக்கு அனுப்பணும். தட்டு வச்சா ஊரு கூடிரும்.”

காவ்யா வெளியே வந்தாள். வீட்டு உடையில் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, கல்லூரிச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஈஸ்வரி சொல்லச் சொல்ல, அம்மாவின் போனில் காவ்யாவே தட்டெழுதினாள்: தம்பி, காவ்யா விசயம். எடுத்துக்கிறியா, விட்டுத் தாறியா. உன் வாயால சொல்லு. அக்கா.

பாண்டி பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. பங்குனி முடிந்தது. சித்திரை பிறந்தது. பத்திரிகை எழுத நாள் குறித்துவிட்டார்கள். ஈஸ்வரி எனக்குப் போன் செய்தாள். “கேட்டிருக்கவே கூடாது டீச்சர். அவன் மனசு ஒடிஞ்சிருச்சு போல.” அவன் மனசு எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது இந்த வேலையில் கடினமான பகுதி. யாரும் அதற்குப் பயிற்சி தருவதில்லை.

தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை பாண்டி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். போனைக் கையில் வைத்துக் காவ்யா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். பதில் சொல்றது உங்க உரிமை. அது மட்டுந்தான் சொல்ல வந்தேன்.”

“ரெண்டு பதில்தான் குடுத்திருக்கு எங்க அக்கா. எடுத்தா இந்தப் புள்ள படிப்பு போச்சு. விட்டா பேரு போச்சு.”

“படிப்பப் பத்தி யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? இந்தச் சட்டையில நிக்கிறதப் பாத்தாலே தெரியலயா?” படத்தை விரலால் பெரிதாக்கினார், முகம் மட்டும் தெரிந்தது. “மூணாவதா ஒரு பதில் இருக்கா டீச்சர்?”

“உங்க வழக்கம். எனக்கு எப்படித் தெரியும்?”

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

பத்திரிகை எழுதும் நாளன்றே கூட்டு ஆலோசனையையும் வைத்தேன். எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பார்கள், விதிக்கும் அதுதானே வேண்டும். ராசுவின் பங்காளிகள் ஆறேழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் தடவிய தாள் தட்டில் இருந்தது. நான் குடும்ப மரத்தை விரித்து, இரட்டைக் கோடுகளைக் காட்டி, பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போக வாய்ப்பு கூடுதல் என்றும், கட்டாயம் அப்படித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும், எந்த டாக்டர் சொன்னாலும் முடிவு உங்களுடையது என்றும் சொல்லி முடித்தேன். ஒரு பெரியவர் பேனாவை எடுத்து, “சரி, பாண்டி வரட்டும். மாப்பிள்ள பேர மொதல்ல எழுதுவோம்” என்றார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. பாண்டி உள்ளே வந்தார், உட்காரவில்லை.

“அக்கா, நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். முறை என்னோடது. நான் விடல.”

கதவோரம் நின்ற காவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஈஸ்வரி கண்ணை மூடினாள். ராசு என்னைப் பார்த்தார்.

“எடுத்துக்கவும் இல்ல” என்றார் பாண்டி. “காவ்யா படிப்ப முடிச்சு வேலைக்குப் போற மட்டும் எவனும் பொண்ணு கேட்டு இந்த வாசல் ஏறக் கூடாது. முறைமாமன் நான் இருக்கேன். பிறகு யாரைன்னு அவ சொல்லட்டும். போய்ப் பேசுறது நான். மாலைய எடுத்துக் குடுக்குற மாமன் நான், போட்டுக்கிற மாமன் இல்ல.”

பேனாவைப் பிடித்திருந்த பெரியவர் கேட்டார்: “இது என்னடா புதுச் சட்டம்?”

“பழசுதான் பெரிய மாமா. முறை இருக்கிறவனுக்குத்தான நிறுத்தி வைக்கவும் உரிமை? குறை இருந்தா நான் விட்டுட்டுப் போயிருக்க மாட்டேனா? விடலேன்னு சொல்றேன்ல.”

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுக்க இடமில்லை. மாமன் மறுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது, பெண்ணுக்குக் குறை என்றும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டு விதி படித்தவள் நான். இப்படி ஓர் இடம் அவர்கள் வழக்கத்துக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை. ராசு மெதுவாக எழுந்து தாளைத் தட்டிலிருந்து எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மண்டபத்துக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். அந்த வீட்டில் அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். “இதச் சொல்ல ஒரு மாசமாடா? சாப்டியா?”

“இல்ல.”

“உக்காரு.”

காவ்யாதான் இலை போட்டாள். பரிமாறும்போது பாண்டி நிமிராமல் கேட்டார்: “பரீட்சை என்னைக்கி ஆத்தா?” அவள் சொன்னாள். “கொண்டுபோய் விடவா?” “பஸ்ஸு இருக்கு மாமா.” “சரி.”

மறுநாள் அலுவலகத்தில் கோப்பை முடித்தேன். குடும்ப மரத்தில் காவ்யாவின் வட்டத்துக்கும் பாண்டியின் கட்டத்துக்கும் நடுவில் பென்சிலால் லேசாகப் போட்டு வைத்திருந்த இரட்டைக் கோட்டை அழித்தேன். ஆலோசனையின் விளைவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். “அவங்க என்ன முடிவு எடுத்தாங்க?” என்றார். “கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டாங்க சார்” என்றேன். “அப்ப அதை எழுதுங்க” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். எழுதினேன். மாமனிடம் முறைப்படி கேட்கப்பட்டது. பதில் பெறப்பட்ட நாள்: சித்திரை இருபத்தொன்று, வியாழக்கிழமை.